கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

விடுமுறை நாளின் பிற்பகல். வீட்டுத் தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அரசரும் அமைச்சரும் நீண்ட வசனம் பேசி முடித்தபின் காட்சி மாறுகிறது. அகன்ற வாயும் துறுதுறுத்த விழிகளும் உடைய ஒருவர் திரையில் தோன்றுகிறார். அவர் வாய் திறக்கும் முன்னரே தாத்தா சிரிக்கத் தொடங்கிவிடுகிறார். அருகில் அமர்ந்திருக்கும் பேரனுக்கோ பேத்திக்கோ அந்தச் சிரிப்பின் காரணம் விளங்குவதில்லை. படம் மங்கலாக இருக்கிறது, ஒலி கரகரக்கிறது, பேச்சு புரிந்தும் புரியாமலும் நழுவுகிறது. தில்லியிலோ புனேயிலோ போபாலிலோ வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கும் இந்த அனுபவம் நேர்ந்திருக்கும்.

உண்மையில் அந்த நடிகர் தாத்தாவின் காலத்தவரும் அல்லர். அவர் மறைந்தது 1957ஆம் ஆண்டில். தாத்தாவுக்கு அவரை அறிமுகம் செய்தவர் தாத்தாவின் தந்தையாக இருக்கலாம். ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறி வந்த சிரிப்பு அது. இனியும் அது கைமாற வேண்டுமானால், அவர் யார், எக்காலத்தில் வாழ்ந்தார், எவற்றைக் கண்டு நகைத்தார் என்பனவற்றை அறிந்துகொள்ளுதல் வேண்டும். நகைச்சுவை காலத்தோடு ஒட்டியது. காலம் தெரியாதவர்க்குச் சிரிப்பு எளிதில் வாராது.

ஒழுகினசேரிச் சிறுவன்

அவர் பெயர் கிருஷ்ணன். பெயரின் முன் நிற்கும் இரண்டு எழுத்துகளுள் முதலாவது அவர் ஊரான நாகர்கோவிலையும், இரண்டாவது அவர் தந்தையான சுடலைமுத்துவையும் குறிப்பன. தாயார் இசக்கியம்மாள். பழையாற்றின் கரையில், நாகர்கோவிலை ஒட்டியுள்ள ஒழுகினசேரி என்னும் ஊரில் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் அவர் பிறந்தார்.

இன்று நாகர்கோவில் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அன்று அவ்வாறில்லை. அப்பகுதி திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. வீட்டில் தமிழ் பேசியவர்கள், ஊர் எல்லையைத் தாண்டி மலையாளம் வழங்கும் ஓர் அரசின் கீழ் வாழ்ந்தனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றுதான் அவ்வூர் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதன்பின் கிருஷ்ணன் உயிரோடிருந்தது பத்தே மாதங்கள். தமிழகமெங்கும் தமிழ் நடிகராகப் புகழ்பெற்ற ஒருவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் வேறோர் அரசின் எல்லைக்குள் இருந்த ஊரைத் தம் சொந்த ஊராகச் சொல்லிக்கொண்டவர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வீட்டில் ஒரு மொழியும் தெருவில் மற்றொரு மொழியும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தோன்றாது.

வீட்டில் வறுமை. கிருஷ்ணனின் பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றுபோயிற்று. மளிகைக் கடையில் வேலை செய்தார். டென்னிசு ஆடுவோர் அடித்த பந்துகளை ஓடி ஓடிப் பொறுக்கிக் கொடுத்தார். மாலை வேளைகளில் நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டங்களும் விற்றார். இந்த மூன்றாவது வேலைதான் அவர் வாழ்வை மாற்றியது. கொட்டகைக்குள் பண்டம் விற்கும் சிறுவன் நாடகத்தைக் காசு கொடாமல் பார்க்கலாம். ஒரே நாடகத்தை நாள்தோறும் பார்க்கலாம். எந்த இடத்தில் கூட்டம் சிரிக்கிறது, எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறது, எப்போது எழுந்து சோடா வாங்க வருகிறது என்பவையெல்லாம் அவனுக்கு மனப்பாடம் ஆகிவிடும். நடிப்புக் கலைக்கு அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் அக்காலத்தில் இருந்ததாகச் சொல்ல முடியாது.

நாஞ்சில் நாட்டில் பெருவழக்காக இருந்த மற்றொரு கலை வில்லுப்பாட்டு. மணிகள் கட்டிய பெரிய வில் ஒன்றைக் குடத்தின்மேல் கிடத்தி, வீசுகோலால் அதன் நாணைத் தட்டி, கதை சொல்லிக்கொண்டே பாடுவது அக்கலை. உடுக்கையும் குடமும் தாளமும் உடன் ஒலிக்கும். தலைமைப் பாடகர் ஒரு செய்தியைச் சொல்ல, பக்கத்திலிருப்பவர் ஆமாம் என்று ஆமோதித்தும், இடையே குறும்பாகக் கேள்வி கேட்டும் கதையை நகர்த்துவார். கிருஷ்ணன் இளமையிலேயே இதனைக் கற்றார். பின்னாளில் திரைப்படத்தில் அவரும் அவர் துணைவியாரும் எதிரெதிர் நின்று பேசும் காட்சிகளைக் கூர்ந்து நோக்கினால், வில்லுப்பாட்டின் கேள்வியும் மறுமொழியும் அவற்றுள் ஒலிப்பதை உணரலாம்.

நாடக மேடை

ஏறத்தாழப் பதினாறு வயதில் அவர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்னும் நால்வர் நடத்திய அக்குழு அந்நாளில் பெரும்புகழ் பெற்றிருந்தது. அக்காலத்தில் இத்தகைய குழுக்களைப் பாய்சு கம்பெனி என்று அழைப்பர். நடிப்பவர் அனைவரும் சிறுவர்களே. பெண் வேடத்தையும் அவர்களே புனைவர். குழு ஊர் ஊராகச் செல்லும். ஓர் ஊரில் கொட்டகை போட்டுச் சில மாதம் தங்கி நாடகம் நடத்தியபின், மூட்டை முடிச்சுகளுடன் அடுத்த ஊர்ப் பயணம். உணவு, உறக்கம், பாடம், ஒத்திகை எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

இவ்வாழ்க்கை இனிமையானது என்று எண்ணிவிடலாகாது. வாத்தியார் கண்டிப்பானவர்; வசனம் பிசகினால் அடி விழும். வீட்டு நினைவு வந்தாலும் போக இயலாது. ஆயினும் ஒலிபெருக்கி இல்லாத மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசுதல், பாடுதல், ஆடுதல், உடன் நடிப்பவர் வசனத்தை மறந்துவிட்டால் கூட்டம் அறியாதபடி சமாளித்தல் ஆகிய அனைத்தையும் கிருஷ்ணன் அங்கேதான் பயின்றார். அவருக்குச் சிறப்பாகக் கைவந்தது நகைச்சுவை.

பேசும் படம் வந்தது

1931ஆம் ஆண்டில் வெளியான காளிதாசு தமிழின் முதல் பேசும் படம். அதன்பின் நாடக மேடையில் இருந்த நடிகர்கள் ஒவ்வொருவராகத் திரைக்கு இடம்பெயர்ந்தனர். டி. கே. எஸ். குழுவினரின் மேனகா 1935இல் படமாகியபோது கிருஷ்ணன் அதில் நடித்தார். மறு ஆண்டு சதி லீலாவதி வெளிவந்தது. எஸ். எஸ். வாசன் எழுதிய கதை. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். அவருக்குத் தமிழ் தெரியாது. பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சராக விளங்கிய எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் அப்படத்தில்தான்.

அந்நாளில் சென்னையில் படப்பிடிப்பு நிலையங்கள் போதுமான அளவில் இல்லை. ஆகவே தமிழ்ப் படக் குழுவினர் பம்பாய், புனே, கல்கத்தா முதலிய நகரங்களுக்கு இரயிலேறிச் சென்று, அங்கேயே பல மாதங்கள் தங்கிப் படம் எடுத்துத் திரும்புவர். மொழி தெரியாத ஊரில், சோறும் சாம்பாரும் தேடி அலைந்து அவர்கள் உருவாக்கிய படங்களே இன்று பழைய தமிழ்ப் படங்கள் என்று பெயர் பெற்றுள்ளன. வசந்தசேனா என்னும் படத்துக்காகக் கிருஷ்ணன் புனேக்குச் சென்றார். அதே படத்தில் நடிக்க வந்தவர் டி. ஏ. மதுரம் என்னும் நடிகை. தொலைவூரில் தொடங்கிய அறிமுகம் அன்பாக மலர்ந்தது. இருவரும் திருமணம் செய்துகொண்டனர். இதன்பின் இருவர் பெயரும் ஒன்றாகவே வழங்கலாயின. கிருஷ்ணன் இல்லாத மதுரத்தையோ, மதுரம் இல்லாத கிருஷ்ணனையோ மக்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

மதுரத்தைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். அக்கால நகைச்சுவையில் மனைவி பெரும்பாலும் அடி வாங்குபவளாகவோ அசடாகவோ காட்டப்பட்டாள். மதுரம் ஏற்ற பாத்திரங்கள் அவ்வாறு அமையவில்லை. கணவன் அளக்கும் பெருமையை ஒரே கேள்வியில் கவிழ்ப்பவர் அவர். பல காட்சிகளில் கிருஷ்ணன் தோற்பார், மதுரம் வெல்வார். கூட்டம் இருவரையும் சேர்த்தே கொண்டாடும். ஒரு நகைச்சுவை நடிகர் தம் துணைவியாருக்கு வெற்றியை விட்டுக்கொடுத்து அதனாலேயே புகழ் பெற்றது அன்று எளிய செய்தி அன்று.

பழைய படத்தைப் பார்க்கும் முறை

அக்காலப் படங்கள் இன்று நமக்கு மெதுவாகத் தோன்றுவதற்குக் காரணங்கள் உண்டு. பெரும்பாலும் நடிப்பும் ஒலிப்பதிவும் ஒரே நேரத்தில் நடந்தன. ஒலிவாங்கியை விட்டு நடிகர் வெகுதூரம் விலகிச் செல்ல இயலாது. ஆகவே நின்ற இடத்திலேயே நின்று பேசுவர். நடிகர்களே பாட வேண்டியிருந்ததால், பாடத் தெரிந்தவர்க்கே பெரிய வேடம் கிடைத்தது. ஒரு படத்தில் இருபது, முப்பது பாடல்கள் இருப்பது வழக்கம். கதைகள் பெரும்பாலும் புராணத்திலிருந்தும் அரச வரலாறுகளிலிருந்தும் எடுக்கப்பட்டன. மாந்தர் அனைவரும் வடசொல் கலந்த உயர்நடையில் பேசினர்.

அத்தகைய படத்தின் நடுவே கிருஷ்ணன் வருவார். அவர் பேசுவது சந்தையிலும் வயலிலும் வண்டிப்பேட்டையிலும் கேட்கும் தமிழ். 1940இல் வெளியான சகுந்தலையை எடுத்துக்கொள்வோம். எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த அப்படத்தின் கதை அனைவரும் அறிந்ததே. துசியந்தன் அளித்த கணையாழி ஆற்றில் விழுந்து, மீன் வயிற்றிலிருந்து மீனவர் கையில் கிடைக்கிறது. அந்த மீனவர்களாகத் தோன்றியவர்கள் கிருஷ்ணனும் டி. எஸ். துரைராசும். காளிதாசனின் காவியத்துக்குள் இரண்டு தமிழ்நாட்டு மீனவர்கள் புகுந்து சண்டையிட்டுக்கொள்ளும்போது, கொட்டகையின் தரை வகுப்பில் அமர்ந்திருந்த உழைப்பாளிக்குத் தன் வீட்டார் திரைக்குள் வந்துவிட்டதுபோல் இருந்திருக்கும். தாத்தாவின் சிரிப்புக்கு வேர் இங்கே உள்ளது.

மற்றொரு செய்தியும் வியப்புக்குரியது. பல படங்களில் அவருடைய நகைச்சுவைப் பகுதி முதன்மைக் கதையோடு ஒட்டாமல் தனியே நிற்கும். இது தற்செயலாக நேர்ந்தது அன்று. கிருஷ்ணன் தமக்கெனத் தனிக் குழு ஒன்றை வைத்திருந்தார். புளிமூட்டை இராமசாமி, ஆழ்வார் குப்புசாமி, காகா இராதாகிருஷ்ணன் எனப் பெயரிலேயே சிரிப்பை வரவழைக்கும் நடிகர்கள் அவருடன் இருந்தனர். நகைச்சுவைக் கதையைத் தாமே அமைத்து, பாடல் சேர்த்து, ஒத்திகை பார்த்து, முழுமையான பகுதியாகப் படத் தயாரிப்பாளர்க்கு அளிப்பார். உடுமலை நாராயணகவி அவருக்காகப் பல பாடல்களை இயற்றினார். முதன்மைக் கதை தொய்ந்த படங்களும் இப்பகுதிகளால் ஓடியதுண்டு. எனவே பழைய படம் ஒன்றை முழுவதும் பார்க்கப் பொறுமை இல்லாதவர், கிருஷ்ணனும் மதுரமும் வரும் பகுதிகளை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் தவறில்லை. அவை தனித்து நிற்கும் சிறுகதைகளைப் போன்றவை.

அவர் எதனைக் கண்டு நகைத்தார் என்பதே பெரிது. சாதிச் செருக்கு, போலிச் சாமியார், நல்ல நேரம் கெட்ட நேரம் பார்த்து வேலையைத் தள்ளிப்போடுவோர், குடிப்பழக்கம், பணத் திமிர் ஆகியவையே அவர் இலக்குகள். ஊனமுற்றவரையோ ஏழையையோ காட்டிச் சிரிக்க வைப்பதை அவர் தம் வழியாகக் கொள்ளவில்லை. சில காட்சிகள் இன்றைக்குப் பழசாகிவிட்டன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அன்று புதுமையாக இருந்த அறிவுரை இன்று நீளமாகத் தோன்றும் இடங்கள் உண்டு. ஆனால் அவர் முகம் அசையும் வேகமும், பாடலின் நடுவே பேச்சுக்குத் தாவி மீண்டும் தாளத்தில் வந்து சேரும் நேர்த்தியும் இன்னும் பழசாகவில்லை.

முப்பது மாதங்கள்

1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு ஹரிதாசு வெளிவந்தது. எம். கே. தியாகராச பாகவதர் கதைத் தலைவர். கிருஷ்ணனும் மதுரமும் நகைச்சுவை. சென்னை பிராட்வே திரையரங்கில் அப்படம் தொடர்ந்து ஓடி மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அதில் நடித்த பாகவதரும் கிருஷ்ணனும் அந்த வெற்றியை வெளியிலிருந்து காணவில்லை. அவர்கள் சிறையில் இருந்தனர்.

அவ்வாண்டு நவம்பரில், திரைத்துறையினரைப் பற்றி அவதூறு எழுதிவந்த இலட்சுமிகாந்தன் என்னும் இதழாசிரியர் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் டிசம்பர் மாதம் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நேற்றுவரை நாடே கைதட்டிய ஒருவர் இன்று கைதி. மேல்முறையீடும் பயன் தரவில்லை.

இந்த இருண்ட நாள்களில் மதுரம் செய்தவை நினைவிற்கொள்ளத்தக்கவை. வழக்கு நடத்தப் பொருள் வேண்டும். கணவரை நம்பியிருந்த நாடகக் குழுவினர்க்கும் சோறு வேண்டும். அவர் ஒடுங்கிவிடவில்லை. எஸ். வி. சகசுரநாமம் போன்ற நண்பர்களின் துணையோடு நாடகங்களை நடத்தினார். மேடையில் வெற்றி பெற்ற பைத்தியக்காரன் என்னும் நாடகத்தைப் படமாக்கவும் துணிந்தார். திரையில் கிருஷ்ணனைக் கவிழ்த்துச் சிரிக்க வைத்த மதுரம், வாழ்வில் அவரைத் தாங்கி நின்றார்.

அக்காலத்தில் இந்திய வழக்குகளுக்கு இறுதி நீதிமன்றம் இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். வழக்கு அங்குச் சென்று, மறு விசாரணைக்காக மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கே வந்தது. 1947 ஏப்பிரலில் இருவரும் குற்றமற்றவர்கள் எனத் தீர்ப்பாயிற்று. ஏறத்தாழ முப்பது மாதங்களுக்குப் பின் சிறைக்கதவு திறந்தது. நாடு விடுதலை பெற இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன.

பாகவதர் அதன்பின் பழைய நிலையை எட்டவில்லை. அவர் நடித்த படங்கள் பலவும் தோல்வியுற்றன. கிருஷ்ணனின் கதை வேறாக அமைந்தது. பைத்தியக்காரன் படத்தில் அவருக்கென ஒரு வேடம் சேர்க்கப்பட்டது. தம் சிறைவாழ்வையே அவர் அதில் நகைச்சுவையாக்கினார். எஸ். எஸ். வாசன் பெரும்பொருள் செலவிட்டு எடுத்துக்கொண்டிருந்த சந்திரலேகாவிலும் கிருஷ்ணனுக்கும் மதுரத்துக்கும் புதிய காட்சிகள் அமைக்கப்பட்டன. 1948இல் வெளியான அப்படம் இந்தியிலும் எடுக்கப்பட்டு வடநாட்டிலும் பெருவெற்றி பெற்றது. தமிழ் நாடக உலகின் மூத்தவரான பம்மல் சம்பந்த முதலியார் கிருஷ்ணனுக்குக் கலைவாணர் என்னும் பட்டத்தைச் சூட்டினார். இயற்பெயரை மறந்தவர்க்கும் அப்பட்டப் பெயர் நினைவிருக்கும்.

கிந்தன் படித்த கதை

அவர் படைப்புகளுள் ஒன்றை மட்டும் விரிவாகக் காண வேண்டுமானால் அது கிந்தனாராகவே இருக்கும். 1949இல் வெளியான நல்லதம்பி என்னும் படத்தில் அது இடம்பெற்றது. அப்படத்துக்குக் கதை வசனம் எழுதியவர் சி. என். அண்ணாதுரை.

நந்தனார் கதையைத் தமிழர் பலரும் அறிவர். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த பண்ணையாள் ஒருவர் தில்லை நடராசரைக் காண ஏங்கி, நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று தவித்த கதை அது. கோபாலகிருட்டிண பாரதியார் அதனை இசைக்கதையாக்கினார். பாகவதர்கள் பலர் மேடைதோறும் அதனைக் காலட்சேபமாக நிகழ்த்தினர். அந்த வடிவத்தைக் கிருஷ்ணன் அப்படியே எடுத்துக்கொண்டார். பாகவதர் கோலம், பக்கவாத்தியம், இடையிடையே பாட்டு, விளக்கம் எல்லாம் உண்டு. கதை மட்டும் மாறியது.

இங்கே நாயகன் கிந்தன் என்னும் ஏழைச் சிறுவன். அவனும் நந்தனைப் போல் ஒடுக்கப்பட்ட குலத்தவனே. அவன் ஏங்குவது பள்ளிக்கூடத்துக்கு. படிக்க ஆசைப்பட்டு வந்தவனை ஊர் வாத்தியார் அடித்துத் துரத்துகிறார். கிந்தன் ஊரைவிட்டு இரயிலேறிச் சென்னைக்குச் செல்கிறான். இவ்விடத்தில் கிருஷ்ணன் தம் வாயாலேயே இரயிலை ஓட்டிக் காட்டுவார். எந்தக் கருவியின் துணையும் இன்றி, புறப்படும் வண்டியும் விரைந்தோடும் வண்டியும் சொற்களின் தாளத்திலேயே கேட்கும். இரயிலில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக அமர்ந்து செல்வதையும் போகிற போக்கில் சொல்லிவிடுவார். பட்டணத்தில் படித்துக் கிந்தன் பள்ளிகளை மேற்பார்வையிடும் அதிகாரியாகிறான். மேற்பார்வைக்குச் செல்லும் ஊர்களுள் ஒன்று அவன் பிறந்த ஊர். அவனை அடித்த அதே வாத்தியார் இப்போது அவன் முன் கைகட்டி நிற்கிறார்.

நான்காம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவர் இக்கதையைச் சொன்னார் என்பதை மறவாமல் இக்காட்சியைப் பார்க்க வேண்டும். அப்போது சிரிப்போடு வேறொன்றும் தொண்டையில் வந்து நிற்கும்.

அதே படத்தில், அறிவியல் வளர்ந்தால் வீட்டில் என்னவெல்லாம் நிகழும் என்று அவரும் மதுரமும் பாடும் ஒரு பாடலும் உண்டு. பொத்தானை அழுத்தினால் இட்டலியும் காப்பியும் வந்து நிற்க வேண்டும் என்பது அதில் வரும் ஆசைகளுள் ஒன்று. 1949இல் கொட்டகையில் அமர்ந்திருந்தோர் நடவாத கனவென்று சிரித்தனர். இன்று கைப்பேசியைத் தொட்டு உணவை வரவழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் வேறு காரணத்துக்காகச் சிரிக்கக்கூடும்.

அவர் இயக்கிய படங்களும் குறிப்பிடத்தக்கவை. 1951இல் மணமகள், பத்மினிக்குப் பெரும்பெயர் பெற்றுத் தந்த படம். 1952இல் பணம், பராசக்தியில் அறிமுகமான சிவாஜி கணேசன் அடுத்து நடித்தது இதில். இரண்டுக்கும் வசனம் மு. கருணாநிதி. பணம் படத்தில் வரும் ஒரு பாடல், அப்போது புதிதாகத் தோன்றியிருந்த திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதலெழுத்துகள் மூன்றையும் மீண்டும் மீண்டும் ஒலிக்கும். தணிக்கையாளர் புருவத்தை உயர்த்தும் தருணத்தில், அவ்வெழுத்துகள் திருக்குறள் முன்னணிக் கழகத்தைக் குறிப்பன என்று பாடல் விளக்கம் சொல்லிவிடும். சொல்லோடு விளையாடத் தெரிந்தவர்க்கு எழுத்து மூன்றே போதும்.

1956இல் வெளியான ராஜா ராணியில் சிரிப்பைப் பற்றியே ஒரு பாடல் உண்டு. சிரிப்பின் வகைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றையும் சிரித்துக் காட்டுவார். தமிழ் அவ்வளவாகப் புரியாத பிள்ளைகளும் இப்பாடலிலிருந்து தொடங்கலாம். சிரிப்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

கொடுத்துச் சிவந்த கை

கிருஷ்ணன் நிறையப் பொருள் ஈட்டினார்; ஈட்டியதைவிட விரைவாகக் கொடுத்தார். உதவி கேட்டு வந்தவர் உண்மையில் ஏழையா என்று அவர் ஆராயவில்லை. இது அறிவுடைமை ஆகுமா என்று கேட்போர் உண்டு, கேட்பதும் முறையே. அவர் குடும்பம் பிற்காலத்தில் பட்ட துன்பத்துக்கு இக்கொடையும் ஒரு காரணம். ஆயினும் அவரால் படிப்பும் உணவும் பெற்ற குடும்பங்கள் அக்கணக்கை வேறு விதமாகப் பார்த்தன.

காந்தியடிகளிடம் அவர் ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்தார். நாகர்கோவிலில் அண்ணலுக்குத் தம் சொந்தச் செலவில் நினைவுத் தூண் எழுப்பினார். காந்தியின் கதையை வில்லுப்பாட்டாக ஊர்தோறும் பாடினார். அப்பணிக்காக அவர் தம்முடன் சேர்த்துக்கொண்ட இளைஞர்தாம் சுப்பு ஆறுமுகம். வில்லுப்பாட்டைத் தமிழகம் முழுவதும் பின்னாளில் பரப்பியவர் அவரே. ஒழுகினசேரிச் சிறுவன் கற்ற கலை இவ்வாறு அடுத்தவர் கைக்குச் சென்றது. ஒரு பக்கம் காந்தியடிகள், மற்றொரு பக்கம் பெரியாரின் பகுத்தறிவு இயக்கத்தார் என இரு தரப்பினரோடும் அவரால் நட்போடு பழக முடிந்தது. அக்காலத்தில் இது எளிதன்று.

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் போட்டியிட்டார். அவரை எதிர்த்து நின்றவர் ஊரார் மதிக்கும் மருத்துவர். அண்ணாவுக்கு வாக்குக் கேட்க வந்த கிருஷ்ணன், கூட்டம் திகைக்கும்படி அந்த மருத்துவரின் திறமையையும் நல்ல குணத்தையும் வெகுநேரம் புகழ்ந்தாராம். இவ்வளவு நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் நோய் வந்தவர் எங்கே போவது, அவரை ஊரிலேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம். எதிராளியை இழித்து ஒரு சொல்லும் சொல்லாமல் வாக்குக் கேட்ட அப்பேச்சை இன்றும் மேடைகளில் எடுத்துக் கூறுவர். அண்ணா வென்றார்.

அதே ஆண்டு அவர் உடல்நலம் குன்றியது. சென்னை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஆகத்து 30ஆம் நாள் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. 1937இல் வெளியான அம்பிகாபதியில் நடித்த அவர், இருபது ஆண்டுகளுக்குப்பின் அதே கதை மீண்டும் படமாக்கப்பட்டபோது அதிலும் நடித்திருந்தார். இரண்டாவது அம்பிகாபதி திரைக்கு வந்தபோது அவர் இல்லை. குடும்பத்தின் சுமையை ஏற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர் மதுரமே. அவர் 1974இல் மறைந்தார்.

சென்னையில் பாலர் அரங்கம் என வழங்கிய அரங்கு பின்னர்க் கலைவாணர் அரங்கம் எனப் பெயர் பெற்றது. தியாகராய நகரில் அவருக்குச் சிலை எடுக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டு பொங்கல் நாளில் அதனைத் திறந்துவைக்க முதலமைச்சர் அண்ணா வந்தார். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று அவர் மிகவும் தளர்ந்திருந்தார். ஆயினும் தம் நண்பரின் சிலையைத் திறந்துவைத்தார். மூன்று வாரங்களுக்குள் அவரும் மறைந்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அதுவே.